சீற்று முத்துலிங்கத்தின் இருமல்

விசுவமடுவில் முத்துலிங்கத்தாரின் இருமலுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. விடியப்புறம் அவர் முதலாவது இருமலை இருமினால் றெட்பானாச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரன் அடுப்பு மூட்டுவான். இரண்டாவதுக்குப் பக்கத்து வளவு மாயாண்டியின் நாய் எழும்பிச் சோம்பல் முறிக்கும். மூன்றாவதுதான் பெரிசு. அதுக்குக் கிளம்புகிற காகங்கள் புளியம்பொக்கணை வரைக்கும் பறந்துபோய், பசி எடுத்தால்தான் திரும்பும். தர்மபுரத்தில் ஒரு கலியாணத்தில் அவர் இருமினதைக் கேட்டு, தாலி கட்ட எழும்பின மாப்பிள்ளை ஷெல் என்று நினைத்து மணவறைக்குள் குப்புறப் படுத்துவிட்டானாம். மாப்பிள்ளை பகுதி இன்றைக்கும் இதை மறுக்கிறது. படுத்தது மாப்பிள்ளைத் தோழன்தான் என்பது அவர்களுடைய கட்சி.

இருமல் வந்த வழியும் ஊருக்குத் தெரியும். முத்துலிங்கம் கூரைக்காரர். முப்பத்தெட்டு வருசம் அஸ்பெஸ்ரோஸ் சீற்றை அளந்து, வாளால் அரிந்து, துளை போட்டு, ஏற்றிப் பூட்டினவர். அதனால்தான் பெயருக்கு முன்னால் 'சீற்று'. பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரைக்கும் அண்ணன் போட்ட கூரைகளின் கீழாலேயே வெயில் படாமல் நடந்து போகலாம் என்று மாயாண்டி சொல்லுவான். மாயாண்டி அவருடைய கையாள். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து தாய் தகப்பனோடு வன்னியில் வந்து இறங்கினவன்; இறங்கின கிழமையே முத்துலிங்கத்தின் ஏணியைப் பிடித்தவன் இன்னும் விடவில்லை.

சண்டைக் காலத்தில் இரண்டு பேருக்கும் ஓய்வே கிடையாது. ஷெல் விழும், சீற்று நொறுங்கும், இவர்கள் போய்ப் பூட்டுவார்கள். அடுத்த கிழமை அதே கூரையில் அதே மூலையில் விழும். நொறுங்கினதில் ஒரு துண்டும் வீண்போகாது. பெரிய துண்டு கோழிக்கூட்டுக்கு. அதைவிடச் சின்னது கக்கூசு மறைப்புக்கு. மிச்சம் ஒழுங்கைச் சேற்றில் மிதித்து நடக்க. கடைசிப் பொடித்துண்டைப் பிள்ளைகள் நெருப்பில் போட்டு வெடிக்கப்பண்ணி, தாய்மாரைப் பதுங்குகுழிக்குள் ஓட வைப்பார்கள். வாள் இழுக்க இழுக்க வெள்ளைத் தூள் பறக்கும். பின்னேரம் முத்துலிங்கம் வீட்டுக்கு வரும்போது பொரிக்க மாவில் புரட்டின மீன் மாதிரி வருவார். கண் இரண்டும்தான் மனுசக் கண்.

ஆகவே அவரைக் கொண்டுபோகப் போவது அந்த இருமல்தான் என்று ஊர் எப்பவோ முடிவு கட்டிவிட்டது. மனைவி இரஞ்சிதம், பெரிதாக்கிச் சுவரில் மாட்ட நல்ல படமொன்றைக்கூடத் தெரிந்தெடுத்து அலுமாரிக்குள் கூறைச் சேலைக்கு அடியில் வைத்திருந்தா. முத்துலிங்கமும் அதை ஒருக்கால் எடுத்துப் பார்த்துவிட்டு, “காது கொஞ்சம் பெரிசாத் தெரியுது” என்றதோடு சரி.

தை மாதம் இரஞ்சிதம்தான் அவரை யாழ்ப்பாணத்து நெஞ்சுக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனா. டொக்டர் இளம் பொடியன். அவர் முத்துலிங்கத்தைக் கேட்ட கேள்விக்கெல்லாம் இரஞ்சிதமே பதில் சொன்னா.

“எவ்வளவு காலமா இருமல்?”

“கலியாணம் கட்டி மூண்டாம் வருசம் தொடங்கினது, தம்பி. இன்னும் நிப்பாட்டேல்லை.”

“சளி வருதோ?”

“வரும். காலமை வெள்ளை, பின்னேரம் மஞ்சள். வெள்ளிக்கிழமையில குறைவு.”

“பீடி குடிக்கிறவரோ?”

“இல்லை எண்டு சொல்லுவார். நம்பாதேங்கோ.”

டொக்டர் காதுக்குழாயை முத்துலிங்கத்தின் முதுகிலிருந்து எடுத்தார். “அம்மா, நீங்கள் ரெண்டு சொல்லுக்கு ஒருக்கா மூச்சு வாங்கிறியள். ஏன்?”

“எனக்கோ? இவரோட நாப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்தினனான். இளைக்காதோ?”

வாங்கில் இருந்த நோயாளிகள் சிரித்தார்கள். ஒட்சிசன் குழாயோடு இருந்த ஒரு கிழவன் சிரித்துச் சிரித்துக் குழாய் கழன்று, தாதி ஓடிவந்து பூட்டினா. டொக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காதுக்குழாயை இரஞ்சிதத்தின் முதுகில் வைத்தார். பிறகு சிரிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இரஞ்சிதத்தின் வலப்பக்கம் நீர் கட்டியிருந்தது. ஊசி போட்டு இறக்கினார்கள். ஒரு சின்னத் தசைத்துண்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். “பனிக்குள்ள கச்சான் கடலைத் தோட்டத்தில நிண்டது” என்று இரஞ்சிதம் தன் வருத்தத்துக்குக் காரணத்தைத் தானே கண்டுபிடித்து முடித்துக்கொண்டு, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முத்துலிங்கத்தின் நெஞ்சைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தா.

மாசியில் சோதனை முடிவு வந்தது. கச்சான் பிடுங்கத் தொடங்கியிருந்ததால் முத்துலிங்கம் தனியத்தான் போனார்.

“ஐயா, உங்கட நெஞ்சு பழைய சைக்கிள்,” என்றார் டொக்டர். “கிறீச்சிடும், ஆனா ஓடும். பீடியை விட்டா இன்னும் ஓடும். வருத்தம் அம்மாவுக்குத்தான். நுரையீரலைச் சுத்தி ஒரு தோல் இருக்கு. அதில புற்றுநோய். இது பெரும்பாலும் அஸ்பெஸ்ரோஸ் தூசால வாறது. உள்ள போன தூசு வெளிய வராது. முப்பது, நாப்பது வருசம் பேசாமக் கிடந்திட்டுத்தான் காட்டும்.”

“அவ ஒரு நாளும் கூரையில ஏறினவ இல்லை, தம்பி. கதிரையில ஏறவே பயம்.”

“உங்கட உடுப்பை ஆர் தோய்ச்சது?”

முத்துலிங்கத்துக்குக் கிணற்றடி முருங்கை கண்ணுக்குள் வந்தது. பொருளாதாரத் தடைக் காலம். சவுக்காரம் கண்ணால் காணக் கிடைக்காது. பனம்பழத்தைப் பிழிந்து தோய்த்த காலம். தினம் தோய்க்க ஏலுமோ? மூன்று நாள் அவருடைய சட்டையையும் சாரத்தையும் முருங்கையில் அடித்து உதறிப் போடுவா, நாலாம் நாள்தான் தண்ணி. இரஞ்சிதம் அடிக்கிற அடியில் முருங்கை ஒரு பக்கம் சரிந்தே வளர்ந்தது. தூள் புகையாக எழும்பும். எழும்ப எழும்ப, “இண்டைக்கு எத்தினை கூரை அரிஞ்சனியள்?” என்று அந்தப் புகைக்குள் நின்று கேட்பா.

“அப்ப எனக்கு ஏன் வரேல்லை?”

“அப்பிடித்தான், ஐயா. சிலருக்கு வரும். சிலருக்கு வராது.”

முற்றாக மாற்றிச் சுகமாக்க ஏலாது, நீர் திரும்பத் திரும்பக் கட்டும், கட்டினால் இறக்கவேண்டும், இல்லாவிட்டால் மூச்சு முட்டும் என்றார். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், அதுக்கு நோயாளிக்கு விசயம் தெரிந்து அவாவே கையெழுத்து வைக்கவேண்டும். “வாற செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிந்தக்கூடாது.”

திரும்பி வந்த பஸ்ஸில் முத்துலிங்கம் யன்னல் கரையில் இருந்தார். பரந்தன் தாண்டியதும் அவருடைய கூரைகள் ஒவ்வொன்றாக வந்தன. துக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தர்மபுரம் தாண்டியும் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெடிச்சி நீட்டின கச்சான் சுற்றின கடதாசிச் சரையை வாங்கி, கோதோடு ஒன்றை வாயில் போட்டு மென்று விழுங்கினார். கோது என்று பிறகுதான் தெரிந்தது.

இரஞ்சிதம் குசினிக்குள் இருந்தா. “என்ன சொன்னவர்?”

“புற்றுநோயாம். எனக்குத்தான்,” என்றார்.

பொய் சொல்லவேண்டும் என்று யோசித்துக்கொண்டு வரவில்லை. முப்பது வருசமாக ஊர் செய்து அவருடைய வாய்க்குள் வைத்திருந்த சொல் அது. திறந்ததும் விழுந்துவிட்டது. இரஞ்சிதம் கொஞ்ச நேரம் கிணற்றடியில் நின்றா. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து குரக்கன் புட்டு அவித்தா. முத்துலிங்கம் சாப்பிட்டார். சூடும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை.

அதுக்குப் பிறகு நடந்தது திருவிழா. சந்தியில் இருந்து கியூ என்று சொல்லலாம். தோடம்பழம், பால்மா, பிஸ்கற் பெட்டி, முட்டை. ஒருவர் உயிர்ச்சேவலே கொண்டுவந்தார். முத்துலிங்கம் மந்திரி மாதிரிக் கதிரையில் இருந்தார். வந்தவர்கள் அவரைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். இரஞ்சிதம் குசினிக்கும் விறாந்தைக்கும் இளைக்க இளைக்க நடந்து தேத்தண்ணி கொடுத்தா. வவுனியாக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ஒரே மகள் சாரங்கா பின்னேரத்துக்குப் பின்னேரம் போன் எடுத்து, “அப்பா சாப்பிட்டவரோ? அப்பா படுத்தவரோ?” என்றாள். தூதுவளை நெஞ்சுக்கு நல்லது என்று ஆரோ சொல்லப்போக, விசுவமடுவில் ஒரு வேலியிலும் தூதுவளை மிஞ்சவில்லை. ஆடுகள் இரஞ்சிதத்தைக் கண்டால் முறைத்தன. அவ்வளவையும் முள்ளெடுத்து, அரைத்து, மூன்று நேரமும் முத்துலிங்கத்துக்குக் கொடுத்தா. அவர் குடித்தார்.

இதுக்கு மேலே ஒரு நேர்த்தியும் வைத்தா. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிடம் வீட்டிலிருந்து நடந்தே வருவது. அம்மன் மனுசனை விட்டுவைக்கவேண்டும். நடந்து பழகவேண்டும் என்று காலமை காலமை வெளிக்கிட்டு றோட்டால் நடக்கத் தொடங்கினா. முதல் நாள் நாலாவது மதகு வரைக்கும் போனா. இரண்டாம் கிழமை இரண்டாவது மதகில் குந்திவிட்டா.

முத்துலிங்கம் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை கிட்ட வந்துகொண்டிருந்தது. “கிளினிக்குக்கு நீயும் வா” என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். மூன்று தரமும் ஒரே மறுமொழி. “போன முறை வந்தனான்தானே? கச்சான் எல்லாம் பிடுங்கிக் குவிஞ்சு கிடக்கு. வருத்தக்காரன் நீங்கள். மாயாண்டியோட போங்கோ.” சொன்ன பொய் இப்ப வழியை மறித்துக்கொண்டு நின்றது.

திங்கட்கிழமை காலமை மாயாண்டி ஆணி கிளப்புகிற அலவாங்கு கேட்டு வந்தான். தர்மபுரத்தில் பழைய நெல்லுக் களஞ்சியம் ஒன்றின் கூரையைக் கழற்றுகிற வேலை கிடைத்திருக்கிறது. உடைத்து விழுத்தினால் ஒரு நாளில் முடியும்.

“உடைக்காதை,” என்றார் முத்துலிங்கம். “தண்ணி அடிச்சு நனை. ஆணி ஆணியாக் கழட்டி முழுசா இறக்கு. நல்ல முகமூடி வாங்கிப் போடு. வேலை உடுப்போட வீட்டுக்குப் போகாதை.”

மாயாண்டி வெற்றிலையை ஒரு கடைவாய்க்குத் தள்ளிவிட்டுச் சிரித்தான். “என்னாண்ணே, கூரைக்குத் தண்ணி ஊத்தி வெத்தலக் கொடியா போடப்போறோம்? உடுப்ப அங்கயே விட்டுட்டு அம்மணமா வந்தா அழகம்மா வீட்டுல சேத்துக்குவாளா?”

“உன்ர உடுப்பை அழகம்மா உதறிறவளோ?”

“ஒதறாம? நாப்பது வருசமா ஒதறுறா. சில நாளு என்னையும் சேத்துத்தான்.”

“அவளைக் கூட்டிக்கொண்டு போய் நெஞ்சுப் படம் எடு.”

“அவளுக்கு எதுக்குண்ணே? தூசு தின்னது நாம. வருத்தம் ஒங்களுக்கு…”

நிறுத்திவிட்டான். றோட்டில், முதலாவது மதகில், இரஞ்சிதம் ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு குந்தியிருந்தா. மற்றக் கை நெஞ்சில். மாயாண்டி அங்கே பார்த்தான், முத்துலிங்கத்தைப் பார்த்தான்.

“அண்ணே. அக்காவுக்கா?”

முத்துலிங்கம் அலவாங்கை எடுத்துக் கொடுத்தார். மாயாண்டி வாங்கவில்லை. அப்பதான் போட்ட வெற்றிலையை வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்தான்.

“சொல்லிடுங்கண்ணே. ஆஸ்பத்திரிக்கு நாளு கெடக்கா?”

“நாளைக்கு.”

“அப்ப இன்னைக்கே சொல்லிடுங்க. நான் போயி அழகம்மாவப் பாத்துட்டு வாறேன்,” என்றவன், அலவாங்கு இல்லாமலே நடந்தான்.

மத்தியானம் சாய்ந்ததும் மேற்கே மழை இருட்டத் தொடங்கியது. மாசி மழை பெய்தால் குவித்த கச்சான் முளைத்துவிடும். இரஞ்சிதம் மாமரத்துக்குக் கீழே சாக்கை விரித்து, செடியும் புழுதியுமாக ஒரு மலை கச்சானுக்கு முன்னால் இருந்து ஆய்ந்துகொண்டிருந்தா. ஒரு பிடி செடியைத் தூக்குவா, மண்ணைத் தட்டுவா, காய்களை உருவிக் கடகத்தில் போடுவா, மூச்சு எடுப்பா. முத்துலிங்கம் குவியலின் மற்றப் பக்கம் வந்து குந்தி ஒரு செடியை எடுத்தார்.

“நீங்கள் எழும்புங்கோ. புழுதி உங்களுக்கு ஆகாது.”

“இரஞ்சிதம், நாளைக்கு நீ வரவேணும்.”

“சொன்னன்தானே? இதை ஆர் ஆயிறது? மழை இருட்டுது.”

“கிளினிக் உனக்கு. அந்த றிப்போட்டில இருக்கிறது என்ர பேர் இல்லை. உன்ர பேர்.”

இரஞ்சிதம் கையிலிருந்த செடியை ஆய்ந்து முடித்தா. வெறுஞ்செடியைப் பின்னால் எறிந்தா. அடுத்ததை எடுக்கவில்லை.

“அப்ப ரெண்டு கிழமையா நான் அரைச்ச தூதுவளை?”

“குடிச்சனான்.”

“தோடம்பழம்?”

“அதையும் திண்டனான்.”

“சனமெல்லாம் உங்களைப் பாத்து அழுதிட்டுப் போச்சுது. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான். இருந்து பாத்துக்கொண்டு இருந்தனியள். வெக்கமில்லையோ?”

“இல்லை,” என்றார். அது உண்மை. வெட்கமும் வரவில்லை.

“நீங்கள் சொன்ன அந்தப் புற்றுநோய்தானோ?”

“ஓம்.”

“நான் ஒரு சீற்றையும் தொட்டதில்லையே.”

“என்ர உடுப்பால. முருங்கையில அடிச்சு உதறினதால.”

தூரத்தில் ஒரு இடி உருண்டது. இரஞ்சிதம் சேலைத் தலைப்பால் கைமண்ணைத் துடைத்தா. ஒவ்வொரு விரலாகத் துடைத்தா. “மாத்தேலாதோ?”

“நீர் இறக்கலாமாம். மருந்து ஏத்தலாமாம். மாத்தேலாதாம். நாளைக்குப் போகாட்டி மூச்சு முட்டும்.”

“நான் என்ன நினைச்சிருந்தனான் தெரியுமோ? உங்களை அனுப்பிப்போட்டு ஒரு ரெண்டு வருசம் வவுனியாவில போய்ச் சாரங்காவோட இருப்பம் எண்டு. அந்த வீட்டில காலமை வெய்யில் நல்லா விழும். பிள்ளை எனக்கெண்டு ஒரு கதிரையும்…” மூச்சு எடுக்க நிறுத்தின இரஞ்சிதத்துக்கு வேறொன்று நினைவு வந்தது. வாய் திறந்தபடி அவரைப் பார்த்தா. பிறகு, “போனைத் தாங்கோ,” என்றா.

முத்துலிங்கம் எடுத்து, சத்தம் வெளியே கேட்கிற மாதிரிப் போட்டுக் கடகத்தின் விளிம்பில் வைத்தார்.

“அம்மா? அப்பாவுக்கு ஏதும் ஏலாமப் போச்சுதோ?” சாரங்காவின் குரல் பதறியது.

“அப்பாவுக்கு ஒண்டுமில்லை. வருத்தம் எனக்கு. உந்த மனுசன் மாத்திச் சொல்லிப்போட்டுது. நாளைக்கு நான் யாழ்ப்பாணம் போறன். நீ லீவு போட்டிட்டு வெள்ளன வந்து கிளிநொச்சியில நில். உனக்கும் ஒரு நெஞ்சுப் படம் எடுக்கவேணும்.”

“எனக்கு ஏன்? அம்மா, என்ன சொல்லுறியள்?”

“அப்பாவின்ர சீற்றுத் தூளால வாறதாம். பிள்ளை, நீ மூண்டாம் வகுப்புப் படிக்கேக்க உங்கட பள்ளிக்கூடத்து வாணிவிழா நினைவிருக்கோ? ஒரு கடையிலயும் பவுடர் இல்லாத காலம்.”

மற்றப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“கோலாட்டம்,” என்றாள் சாரங்கா. “முகமெல்லாம் வெள்ளை. நீங்கள் பவுடர் எண்டு சொல்லித்தான் பூசினீங்கள்.”

“அப்பாவின்ர தூளைத்தான் சீலைத் துண்டில அரிச்சு எடுத்தனான். நல்லா ஒட்டினது.”

முத்துலிங்கம் செடியைக் கீழே வைத்தார். இது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் எங்கேயோ ஒரு கூரையில் இருந்திருப்பார்.

“எனக்கு மட்டுமில்லை அம்மா. எல்லாரையும் வரிசையா நிப்பாட்டிப் பூசினீங்கள்.”

“ஓம். எட்டுப் பேர். ஆர் ஆரெண்டு சொல்லு.”

“நான். கௌசலா. ராஜினி. தாட்சாயினி.” என்று எண்ணினாள். “பிறகு, சந்தியில இருந்த மூண்டு சகோதரியள்.”

“அவை முள்ளிவாய்க்காலோட செத்துப் போயிட்டினம். அவைக்கு இனி இது ஒண்டும் செய்யாது. எட்டாவது ஆள்?”

“பக்கத்து ஒழுங்கைச் சிவகரன்ர தங்கச்சி. கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளனில கண்டது. இன்னும் ஒரு தகவலும் இல்லை.”

“தாயிட்டச் சொல்லிவைப்பம்.”

“என்ன எண்டு அம்மா? மகள் வந்தாப் படம் எடுக்கச் சொல்லியோ?”

“ஓம். வந்தா.”

முதல் துளி மழை மாவிலையில் விழுந்தது. முத்துலிங்கம் எழும்பி, தறப்பாளை இழுத்து வந்து குவியலை மூடத் தொடங்கினார். ஒரு பக்கம் மூடினதும், மற்றத் தலைப்பை இரஞ்சிதம் இருந்தபடியே பிடித்து இழுத்தா.

“ராஜினி தர்மபுரத்திலதானே? மாயாண்டியிட்டச் சொல்லிவிடுறன். தாட்சாயினியை நீ பார். உன்னோடதான் வேலை செய்யிறவள். கௌசலா?”

“கனடாவில. நம்பர் இருக்கு.”

“எடுத்துச் சொல்லு.”

“அங்க இன்னும் விடியேல்லை அம்மா.”

இரஞ்சிதம் தறப்பாளின் நுனியில் ஒரு கல்லை வைத்தா. வைத்துவிட்டு மூச்சு எடுத்தா.

“அப்ப நித்திரை கொள்ளட்டும்,” என்றா. “விடிஞ்சாப் பிறகு சொல்லு.”